இரண்டு மணி நேரத்தில் காணாமல் போகிற மல்லி செண்டுக்கு இவ்வளவு விலையா?

வாசகர் கேள்வி, அம்பத்தூர்
11 பிப்ரவரி 2024

தங்கை கல்யாணத்துக்கு ‘முழுக்க இயற்கை’ என்று சொல்லி விற்ற மல்லி செண்ட் வாங்கினேன், 8 மில்லி. காலை ஆறு மணி முகூர்த்தத்துக்குப் போட்டது, எட்டு மணி டிபனுக்குள் காணோம். பாரிமுனையில் வாங்கிய நூறு ரூபாய் அத்தர் சட்டையைத் துவைத்த பிறகும் நிற்கிறது. இயற்கை என்பதே ஏமாற்று வேலையோ என்று தோன்றுகிறது. இதைத் தொழிலாகச் செய்கிறவர் யாராவது இங்கே இருந்தால் பதில் சொல்லுங்கள். இதை வைத்துத் தனியாள் பிழைக்க முடியுமா என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

12 பிப்ரவரி 2024

நான் செய்கிறேன். வேளச்சேரியில், தனியாக, எட்டு வருடமாக. நீங்கள் வாங்கியது என்னுடையது இல்லை.

இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது என்பதை வைத்து மட்டும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால் அது உண்மையான சரக்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வாசனை என்பது தோலிலிருந்து காற்றில் கிளம்பும் மூலக்கூறு. சின்னது சீக்கிரம் கிளம்பும், கனமானது மெதுவாகக் கிளம்பும். எலுமிச்சைத் தோலின் லிமோனீனில் பத்து கார்பன் அணு, சந்தனத்தின் சாண்டலாலில் பதினைந்து. எலுமிச்சை பத்து நிமிடத்தில் ஓடிவிடுவதும் சந்தனம் ராத்திரி வரை இருப்பதும் அதனால்தான். உங்கள் நூறு ரூபாய் அத்தர் துவைத்த பிறகும் நிற்கிறது என்றால் அதில் செயற்கைக் கஸ்தூரி இருக்கும். துணியில் ஒட்டினால் எளிதில் போகாத பொருள். சோப்புத்தூளிலும் அதே வகையைத்தான் சேர்க்கிறார்கள்.

13 பிப்ரவரி 2024

இன்னொன்று. பட்டுப் புடவையில் போட்டார்களா, தோலிலா? நல்ல மல்லிச் சரக்கு ஆரஞ்சும் பழுப்புமாக இருக்கும். பட்டில் பட்டால் கறை போகாது. மணிக்கட்டு, காதுக்குப் பின்னால், அவ்வளவு போதும்.

18 பிப்ரவரி 2024

மல்லியை எப்படி எண்ணெய் ஆக்குகிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ரோஜாவைப் போல ஆவியில் வடிக்க முடியாது. மல்லி வெந்துவிடும். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, பிறகு கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிடுகிறார்கள். மெழுகு மாதிரி ஒரு கட்டி மிஞ்சும். தொழிலில் அதற்குக் காங்க்ரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் கழுவி, குளிரவைத்து, மெழுகை வடிகட்டினால் வருவது அப்சொல்யூட். ஆயிரம் கிலோ குண்டுமல்லிக்கு ஒரு கிலோ கிடைத்தால் பெரிது. விலைக்கான பதில் பாதி இங்கேயே இருக்கிறது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையில் இதை நேரில் பார்த்தேன். குண்டுமல்லியை மொட்டாகத்தான் பறிக்கிறார்கள். மொட்டில் வாசனை கிடையாது. சாயங்காலம் அது தானாக விரியும் வரை சிமெண்ட் தரையில் பரப்பி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஏழு மணி வரை அந்தக் கூடத்தில் ஈரக்கீரை வாசனை தவிர ஒன்றும் இல்லை. ஏழரைக்கு மேல் பச்சை படிந்த தரை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. எட்டரைக்கு நான் வெளியே வந்து நின்றுதான் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பறித்துப் பதினாலு மணி நேரம் ஆகியும் பூ தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது! நான் அந்தத் தரையை மறக்கவே இல்லை.

19 பிப்ரவரி 2024

“ஹெக்சேனா? அப்புறம் என்ன இயற்கை?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கரைப்பான் பட்ட எதையும் தொடாமல், வடித்த எண்ணெய்களை மட்டுமே வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் மல்லி, சம்பங்கி இரண்டையும் விட்டுவிட வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு மல்லியை விட்டுவிட என்னால் முடியாது. நான் வைத்திருக்கும் கோடு இதுதான்: செடியிலிருந்து முழுசாக வந்தது இருக்கலாம், ஆய்வகத்தில் கட்டிய தனி மூலக்கூறு வேண்டாம். லேபிளில் ‘கரைப்பானில் எடுத்தது’ என்று எழுதுகிறேன்.

இயற்கை என்றால் தீங்கில்லை என்று மட்டும் எங்கும் எழுதமாட்டேன். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய் நம் தோலில் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் கருகிப் புண்ணாகலாம். அதனால்தான் தோலில் தங்கும் பொருளில் அது 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. கிராம்பு, பட்டை எல்லாவற்றுக்கும் இப்படி வரம்பு உண்டு. எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து ஒரு நாள் பாருங்கள்.

25 பிப்ரவரி 2024

12ஆம் தேதி எழுதியதில் ஒன்று தவறு. சீக்கிரம் போனால் உண்மையான சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம் என்றேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். மல்லியில் செய்யும் கலப்படமும் சீக்கிரம் போகக்கூடியதுதான். பென்சைல் அசிடேட் என்ற பொருள் மல்லிப் பூவிலேயே இருக்கிறது, ஆலையிலும் மலிவாகச் செய்யலாம். அதை ஊற்றி நீட்டுவார்கள்.

இது எனக்கே நடந்தது. முதல் வருடம், சேமிப்பில் பெரிய துண்டை எடுத்து 50 கிராம் மல்லி அப்சொல்யூட் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் அத்தனை அழகு. காகிதப் பட்டையில் தொட்டு வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் வெறும் காகிதம். பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி கலவையில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து வரைபடமாகக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னாள்: பென்சைல் அசிடேட் மலைபோல் நிற்கிறது, அதற்குப் பின்னால் வர வேண்டிய கனமான பொருள்கள் பெயருக்குத்தான் இருக்கின்றன. விற்றவர் போனை எடுக்கவில்லை.

ஆகவே அம்பத்தூர் நண்பருக்கு: புட்டியில் மிச்சம் இருந்தால் ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் வைத்து மறுநாள் முகர்ந்து பாருங்கள். உண்மையான மல்லி என்றால் தேனும் ஆறின டீயும் கலந்த மாதிரி ஒரு அடி வாசனை மிஞ்சியிருக்கும். ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் கோபம் சரிதான்.

9 மார்ச் 2024

பிழைக்க முடியுமா என்ற கேள்வியை இத்தனை நாள் தள்ளிவிட்டேன்.

நான் வேதியியல் படித்தவள். ஒன்பது வருடம் மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். தைலத்துக்காக வரும் நீலகிரித் தைலத்தைச் சோதிப்பது என் வேலை. ஒருநாள் இரண்டு டிரம் வந்தது. கருவியில் இரண்டுக்கும் சினியோல் என்ற முக்கியப் பொருளின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் பாஸ். ஆனால் ஒன்றில் ஈர இலையும் விறகுப் புகையும் கலந்து வாசனை வந்தது. மலையில் யாரோ விறகடுப்பு மூட்டி, இலையைக் கொப்பரையில் அடைத்து வடித்த அந்த நாளே டிரம்முக்குள் உட்கார்ந்திருந்தது மாதிரி இருந்தது. படிவத்தில் அதை எழுத இடமில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது, 2016இல் வேலையை விட்டேன்.

முதல் மூன்று வருடம் வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் அரிசி வாங்கினேன். இப்போது புட்டி விற்று வருவது வருமானத்தில் பாதி. மாதம் அறுபது புட்டி போனால் நல்ல மாதம். மிச்சம் வார இறுதி வகுப்புகளிலும், சோப்பு செய்கிறவர்களுக்குக் கலவை போட்டுக் கொடுப்பதிலும் வருகிறது. கார் வாங்க முடியாது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடிகிறது.

வீட்டுச் சமையலறையில் கலந்து விற்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது. செண்டும் அழகுசாதனப் பொருள்தான். 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளும் பொருந்தும், உற்பத்தி உரிமம் வேண்டும். சொந்தமாக ஆலை இல்லாத என்னைப் போன்றவர்கள் உரிமம் உள்ள ஒரு யூனிட்டில் லோன் லைசென்ஸ், அதாவது அடுத்தவர் ஆலையில் செய்துகொள்ளும் உரிமம், எடுத்துச் செய்கிறோம். ஆல்கஹால் வைத்துக்கொள்ள மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி தனி. என் செண்டுகளில் பெரும்பாலானவை எண்ணெயில் கரைத்த ரோல்-ஆன் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

10 மார்ச் 2024

நேற்று எழுத மறந்தது. ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து சொட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். வெட்டிவேர் எண்ணெய் பாகு மாதிரி, எலுமிச்சை எண்ணெய் தண்ணீர் மாதிரி. இரண்டின் சொட்டும் ஒரே எடை இல்லை. என் முதல் வருட நோட்டுப் புத்தகத்தில் ஒரு கலவை இருக்கிறது: ‘மரிக்கொழுந்து 7, சாம்பிராணி 11, வெட்டிவேர் 3.’ அதைவிட நல்லதை நான் இன்று வரை செய்யவில்லை. அதை மறுபடி செய்யவும் முடியவில்லை. 0.01 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். புட்டிக்கு முன்னால் தராசு.

14 ஏப்ரல் 2024

சித்திரை பிறந்தது. கோயம்பேட்டில் மல்லி கொட்டிக் கிடக்கிறது. பனிக்காலத்தில் வரத்து சுருங்கி கிலோ ஆயிரங்களில் ஏறும் அதே பூ. நான்கு கிலோ வாங்கிவந்திருக்கிறேன்.

28 ஏப்ரல் 2024

அந்த நான்கு கிலோ என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய முறை ஒன்றைச் செய்து பார்த்தேன். கழுவிக் காயவைத்த எள்ளையும் விரிந்த மல்லியையும் அடுக்கடுக்காகப் பரப்பி மூடுவது. பூ விடும் வாசனையை எள் குடிக்கும். மறுநாள் பூவைச் சலித்தெடுத்துவிட்டுப் புதுப்பூ. நான்கு நாள் செய்து செக்கில் கொடுத்து ஆட்டினேன். இரண்டாம் நாள் அடியில் இருந்த பூ வியர்த்துப் புளிப்பு ஏறிவிட்டது. மெல்லிசாகப் பரப்பியிருக்க வேண்டும். எண்ணெயில் மல்லியும் இருக்கிறது, ஊறுகாய் ஜாடியும் இருக்கிறது. விற்க முடியாது. தலைக்குத் தேய்த்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். என் மல்லி செண்டின் பதினெட்டாவது முயற்சியைக் காகிதப் பட்டையில் தொட்டு அவரிடம் நீட்டினேன். நல்ல அப்சொல்யூட், நல்ல சந்தனம். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. அவர் முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், பிறகு சொன்னார்:

“பூவு கீதும்மா. கட்ன பூ இல்ல.”

வீட்டுக்கு வந்து ஒரு முழத்தைப் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாக முகர்ந்தேன். பூ தனி. பச்சைக் காம்பு தனி. நனைத்த வாழைநார் தனி: அதற்கு ஒரு வாசனை இருக்கிறது, கிணற்றடி வாழைமரத்தைக் கத்தியால் கொத்தினால் வருமே, அது. பூ மேல் போட்ட ஈரச்சாக்கின் வாசனை தனி. நாம் வாழ்நாள் முழுக்க மல்லிப்பூ வாசனை என்று சொல்லிக்கொண்டிருப்பது இதெல்லாம் சேர்ந்தது. தனிப் பூவை யாரும் தலையில் வைப்பதில்லை. இத்தனை வருடம் நான் பூவைத்தான் துரத்தியிருக்கிறேன். நாரை யோசிக்கவே இல்லை.

29 ஏப்ரல் 2024

தூக்கம் வரவில்லை. நாருக்கு என்ன போடுவது?

12 மே 2024

கால்பனம் என்று ஒரு பிசின் எண்ணெய் உண்டு, பெருங்காயத்தின் சொந்தக்காரச் செடி. அப்படியே முகர்ந்தால் பச்சைப் பட்டாணித் தோல் மாதிரி அடிக்கும், தலை வலிக்கும். நூறில் ஒரு பங்காகக் கரைத்து, அதில் ஒரு துளி. வெட்டின தண்டு வந்துவிட்டது. சாக்கின் ஈரத்துக்கு வெட்டிவேர். மரிக்கொழுந்தை எடுத்துவிட்டேன். அது வந்தால் மல்லிச்சரம் கதம்பமாகிவிடுகிறது.

சோதனையை வீட்டில் செய்வதில்லை. மணிக்கட்டில் தடவிக்கொண்டு மதியம் வேளச்சேரியிலிருந்து திருமயிலை வரை பறக்கும் ரயிலில் போய் வருகிறேன். ஏசி அறையில் இரண்டு மணி நேரம் நிற்பது அந்த வெயிலிலும் வியர்வையிலும் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். பிரான்சில் எழுதிய விகிதங்களை இங்கே அப்படியே போட முடியாது. முதலில் பறந்துவிடும் எலுமிச்சை வகைகளை நான் பெரும்பாலும் விட்டுவிட்டேன். கடைசி வரை நிற்கும் அடி வாசனையைக் கனமாக்கி, நடு வாசனையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

20 மே 2024

வெட்டிவேர் எங்கே வாங்குகிறேன் என்று கேட்டவருக்கு: கடலூர்ப் பக்கம், கடற்கரை மணலில் விளைவது. மணலில் வேர் நேராக இறங்கும், அறுபடாமல் வரும். வடித்து முடிக்க ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். புது எண்ணெய் பச்சை உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆறு மாதம் இருட்டில் வைத்தால்தான் பேச ஆரம்பிக்கும். பிரெஞ்சுக்காரர்களும் இதை வெட்டிவேர் என்றுதான் சொல்கிறார்கள், உச்சரிப்பு மட்டும் அவர்களுடையது. சொல் இங்கிருந்து போனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் கீழ்த்தளத்தில் புகுந்தபோது இரண்டு மூட்டை வேர் முழுசாக நனைந்தது. கரண்ட் இல்லை, இடுப்பளவு தண்ணீர், சாக்கடையும் கலந்திருக்கிறது. அதற்கு நடுவில் படிக்கட்டு முழுக்க வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்த வாசனை. மாடி வீட்டுப் பிள்ளைகள் இறங்கி வந்து படியில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எல்லாச் சரக்கும் இரண்டாம் மாடியில்.

16 ஜூன் 2024

முதல் மழை பெய்தால் எல்லாரும் மண் வாசனைச் செண்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். உத்தரப்பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜில் செய்கிறார்கள்: சுட்ட களிமண் ஓடுகளைச் செப்புக் கொப்பரையில் போட்டு வடித்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். நான் கொசப்பேட்டையில் உடைந்த பானை ஓடு வாங்கிவந்து என் பத்து லிட்டர் செப்புப் பாத்திரத்தில் செய்து பார்த்தேன். ஒரு தடவை வடித்ததும் சந்தனம்தான் தெரிந்தது, மண் தெரியவில்லை. அவர்கள் ஒரே எண்ணெயில் நாள்கணக்கில் திரும்பத் திரும்ப இறக்குகிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. ஐந்தாம் தடவையில் சந்தனத்துக்கு அடியில் ஈரத்திண்ணை தெரிந்தது. ஆனால் அது சென்னை மழை இல்லை. இங்கே முதல் மழையில் சூடான தார் ரோடும் கொஞ்சம் கடலும் இருக்கும்.

7 ஜூலை 2024

ஐந்திணைக்கு ஐந்து செண்ட் செய்யலாமே என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். 2018இல் செய்தேன். நன்றாக விற்றது, நான்தான் நிறுத்தினேன். நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்தவர்கள் அந்த நிலத்தில் நின்றவர்கள். நான் பெயரை எடுத்து லேபிளில் ஒட்டினேன். நெய்தல் என்று எழுதிய புட்டிக்குள் இருந்த எதையும் நான் கடற்கரையில் முகர்ந்ததில்லை. பூக்கார அம்மா சொன்னதுக்குப் பிறகு அது இன்னும் உறுத்துகிறது. மறுபடி செய்தால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

4 ஆகஸ்ட் 2024

புனுகு, ஜவ்வாது பற்றி. உண்மையான புனுகு புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டி எடுப்பது. நான் தொடுவதில்லை. திமிங்கல அம்பர் இந்தியாவில் சட்டப்படி கூடாது. இதற்கெல்லாம் பதிலாக கஸ்தூரி வெண்டை விதை இருக்கிறது. நம் வெண்டைக்காயின் உறவு. விதையைக் கசக்கினால் பேரிக்காயும் குழந்தையின் உச்சந்தலையும் மாதிரி மெல்லிய வாசனை. அதில் இருக்கும் அம்பரெட்டோலைடில் பதினாறு கார்பன்.

அம்பத்தூர் நண்பரே, உங்கள் கேள்விக்கு இன்னொரு பதில் இங்கே இருக்கிறது. பிப்ரவரியில் நான் செயற்கைக் கஸ்தூரிதான் நிற்கும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். செடியிலும் கஸ்தூரி இருக்கிறது. விலை அதிகம், குரல் சின்னது. துவைத்த சட்டையில் நிற்காது. தோலில் விடியும் வரை நிற்கும்.

22 செப்டம்பர் 2024

முப்பத்தொன்றாவது முயற்சி. மல்லி அப்சொல்யூட், சந்தனம், வெட்டிவேர், கால்பனம் ஒரு சுவடு, கஸ்தூரி வெண்டை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூக்கார அம்மாவின் மணிக்கட்டில் தடவினேன். அவர் கை முழுக்க ஏற்கெனவே பூ வாசனை, அதனால் சோப்புப் போட்டுக் கழுவவைத்துத்தான் தடவினேன். முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நார் கிழிக்கத் திரும்பிவிட்டார்.

காலையில் பால் வாங்கப் போகும்போது அவரே கூப்பிட்டார். கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“நேத்து கட்ன பூவாட்டம் கீது பாரு.”

நேற்றைய பூ. தலையணையில் காலையில் கிடக்குமே, ஓரம் பழுத்து, கொஞ்சம் தேனும் கொஞ்சம் அழுகலுமாக, அது. மல்லியில் இருக்கும் இண்டோல்தான் அந்தப் பழுத்த வாசனையைக் கொடுக்கிறது, அதை மறைக்க எத்தனை கலவை போட்டிருக்கிறேன்! இந்தத் தடவை மறைக்கவில்லை. காசு எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு முழம் வெட்டி இலையில் சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

6 அக்டோபர் 2024

எப்போது விற்பனைக்கு வரும் என்று கேட்டு இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. இப்போதைக்கு இல்லை. 31இல் போட்ட மல்லிச் சரக்கு தீர்ந்துவிட்டது. அதே ஆலையிலிருந்து புது லாட் வந்திருக்கிறது. வெளிறிய நிறம், காம்பு வாசனை தூக்கல், தேன் குறைவு. பழைய எடையில் கலந்தால் கால்பனம் மேலே ஏறி நிற்கிறது. அதைப் பாதியாகக் குறைத்து 32ஐ இன்று காலை கலந்து வைத்திருக்கிறேன், மூன்று வாரம் ஆறவேண்டும். அம்பத்தூர் நண்பர் தங்கையின் முகவரியைத் தனிமடலில் அனுப்பினால் 31இல் மிச்சமிருக்கும் 4 மில்லியை அனுப்பிவைக்கிறேன். பட்டில் போடவேண்டாம் என்று சொல்லுங்கள்.